கஞ்சிக்கோட்டு வேலைக்கு பைக்கா ரயிலா: ஊழியர்களை மாற்ற எந்த வழி பலிக்கும்?

கோவையிலிருந்து, எல்லைக்கு அப்பால் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கும் கஞ்சிக்கோடு தொழிற்பேட்டைக்கு ஏறத்தாழ 40 கி.மீ. உக்கடம், குனியமுத்தூர், மதுக்கரை, எட்டிமடை, வாளையார் என்று 544ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நெடுக பைக்கில் போய் வேலை பார்த்துத் திரும்புகிறவர்கள் ஏராளம். அதே வழியில் ரயிலும் ஓடுகிறது, கஞ்சிக்கோட்டிலேயே ஸ்டேஷன் இருக்கிறது. உக்கடத்திலிருந்து பாலக்காடு பஸ்களும் உண்டு. இவர்களில் ஒரு பகுதியினரையாவது ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் கொண்டுவர வேண்டும் என்று ஒரு கம்பெனி நிர்வாகமோ தொழிற்சங்கமோ நினைத்தால் ஐந்து வழிகள் உண்டு. போஸ்டரும் வாட்ஸ்அப் செய்தியும் அனுப்பலாம். குலுக்கலில் பரிசு தரலாம். கம்பெனி ஸ்டாண்டில் வண்டி நிறுத்தாத நாளுக்குப் பணம் தரலாம். வேலைக்குச் சேரும் அன்றே ரயிலையும், ஸ்டேஷனிலிருந்து ஆலைக்குக் கம்பெனி வேனையும் இயல்பான ஏற்பாடாக எழுதிவிடலாம். கம்பெனி பஸ் விடலாம். எல்லாவற்றையும் சேர்த்துச் செய்ய எந்தக் கம்பெனியிலும் பணம் ஒதுக்க மாட்டார்கள். ஆகவே எதை முதலில் எடுப்பது, எதை விட்டுவிடுவது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒரு கணக்கை முதலில் போட்டுவிடலாம். 110 சிசி பைக் லிட்டருக்கு 50 கி.மீ. தரும் என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு 80 கி.மீ., மாதம் 25 நாள் என்றால் 2,000 கி.மீ., அதாவது 40 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றாலே 4,000 ரூபாய் ஆகிறது. கேரளத்தில் விலை இன்னும் கூடுதல் என்பதால் எல்லை தாண்டுமுன்பே டேங்கை நிரப்பிக்கொள்வது வழக்கம். அதே தூரத்துக்கு ரயில்வே மாத சீசன் டிக்கெட் இதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. ஆக, ஒரு பைக்குக்கு மாதம் 92 கிலோ.

மாதம் மூவாயிரத்துக்கு மேல் மிச்சமாகும் என்பது பைக்கில் வருகிறவருக்குத் தெரியாத விஷயம் இல்லை. தெரிந்தும் அவர் பைக்கை எடுக்கிறார் என்றால் அவரைப் பிடித்து நிறுத்துவது வேறு ஏதோ. இந்தப் பாதையில் அது பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்: லேட் மார்க் பயம், ஸ்டேஷனிலிருந்து ஆலை வரையிலான கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டர், ஓ.டி. (கூடுதல் நேர வேலை) முடிந்து திரும்ப வழியில்லாமல் மாட்டிக்கொள்வோமோ என்ற கவலை. எந்த வழியைத் தேர்ந்தாலும் இந்த மூன்றில் எதை அது தீர்க்கிறது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். ஒன்றையும் தீர்க்காத திட்டம் ஏட்டுச் சுரைக்காய்தான்.

போஸ்டர், கடிதம், வாட்ஸ்அப்

செலவு குறைவு என்பதால் பலரும் இங்கேதான் தொடங்குகிறார்கள். இதில் நம்பிக்கை வைக்கக் காரணம் இல்லை. ஏரியல்லா கிறிஸ்டல், ஆஷ்லி வில்லன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் ஐரோப்பாவின் ஒரு பெரிய விமான நிலையத்தில் வேலை செய்கிறவர்களிடம் ஐந்து கள ஆய்வுகளை நடத்தினார்கள். அவற்றில் கிட்டத்தட்ட 69,000 பேர் அடக்கம். காரில் தனியாக வருவதைக் குறைக்கச் சொல்லிக் கடிதங்கள் போயின, ஆளுக்கேற்ற பயணத் திட்டங்களும் வகுத்துக் கொடுக்கப்பட்டன. 2020இல் அச்சான முடிவு நேர்மையானது: ஐந்தும் தோற்றன. அங்கே கார் நிறுத்த இடம் தாராளமாகக் கிடைத்தது. பழக்கப்பட்ட வசதி அப்படியே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது வெறும் சொல்லால் ஆளை அசைக்க முடியவில்லை.

இருந்தும் எதையாவது எழுதித்தான் ஆக வேண்டுமென்றால் ஒரு தவறைத் தவிர்க்கவும். “நம் ஆலையில் 70 சதவீதம் பேர் பைக்கில் வருகிறார்கள், மாறுங்கள்” என்று எழுதினால், பெரும்பான்மை பைக்கில் வருகிறது என்பதுதான் படிப்பவர் மனதில் தங்கும். ரயிலில் வருகிறவர்கள் உண்மையிலேயே அதிகமாக இருக்கும் சிறு வட்டத்தைப் பிடித்து எழுத வேண்டும்: “எட்டிமடையிலிருந்து நம் அசெம்பிளி லைனுக்கு வரும் 11 பேரில் 7 பேர் ரயிலில் வருகிறார்கள், காலை வேன் 8.35க்கு ஸ்டேஷன் வாசலில்.” எண்ணிக்கை நிஜமாக இருக்க வேண்டும். அப்படி ஒரு வட்டம் இன்னும் உருவாகவில்லை என்றால் அதைப் பற்றி எழுத வேண்டாம். வேன் எத்தனை மணிக்கு, எங்கே நிற்கும் என்பதை மட்டும் எழுதினால் போதும்.

குலுக்கல் பரிசு

இதற்கு நம் நாட்டிலேயே நல்ல சான்று உண்டு. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் பாலாஜி பிரபாகர் 2008 அக்டோபர் முதல் ஆறு மாத காலம் பெங்களூரு இன்ஃபோசிஸ் வளாகத்தில் ஒரு திட்டம் நடத்தினார். நெரிசலுக்கு முன்பே வந்து சேரும் ஊழியருக்குப் புள்ளிகள், புள்ளி சேர்த்தவர்களுக்கு வாராவாரம் குலுக்கல். சுமார் 14,000 பேர் வந்துபோகும் வளாகத்தில் சீக்கிரம் வருகிறவர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ இரட்டிப்பானது. எல்லோருக்கும் ஐந்து பத்து ரூபாய் கொடுத்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதே பணத்தைச் சேர்த்துச் சிலருக்குப் பெரிய தொகையாகக் கொடுத்தால் எல்லோரும் ஆசைப்படுவார்கள். அந்தத் திட்டத்தின் சூட்சுமம் இதுதான்.

ஆனால் அங்கே மாறியது புறப்படும் நேரம். ஏறும் வாகனம் மாறவில்லை. அரை மணி முன்னால் கிளம்பு என்பதும், பைக்கை வீட்டில் வைத்துவிட்டு வா என்பதும் ஒரே எடையுள்ள வேண்டுகோள் இல்லை. சிங்கப்பூரில் 2013 ஜூன் முதல் காலை 7.45க்கு முன் நகர்மையத்தில் இறங்குகிறவர்களுக்கு மெட்ரோ பயணத்தை இலவசமாக்கினார்கள். கட்டணமே இல்லை என்ற போதும் நேரத்தை மாற்றிக்கொண்டவர்கள் 7 சதவீதம் அளவுக்குத்தான்.

வாளையாரில் கேரள லாட்டரிக் கடைகள் முன்னால் நிற்கும் தமிழ்நாட்டுக்காரர்களைப் பார்த்துவிட்டு, குலுக்கல் என்றால் இங்கே உடனே பற்றிக்கொள்ளும் என்று நினைக்கத் தோன்றும். பற்றும், ஆனால் சிக்கலும் கூடவே வரும். தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003 முதல் தடை இருக்கிறது. ஊழியரிடம் நுழைவுத் தொகை என்று ஒரு ரூபாய் வாங்கினாலும் விவகாரம் வேறாகிவிடும், வாங்கவே கூடாது. சூதின் சாயல் உள்ள எதிலும் சேர மாட்டோம் என்று மத நம்பிக்கையால் ஒதுங்குகிறவர்களும் இருப்பார்கள். அவர்களுக்கு அதே மதிப்பில் கேன்டீன் கூப்பன் போன்ற மாற்று வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பரிசு நின்ற மாதம் பைக் திரும்பி வரும். புது வேன் ஓடத் தொடங்கும் முதல் ஆறு வாரத்துக்கு ஆட்களை ஏற்றிப் பார்க்க குலுக்கல் நல்லது. நிரந்தர ஏற்பாடாக வேண்டாம்.

நிறுத்தாத நாளுக்குப் பணம்

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 1992இல் ஒரு சட்டம் வந்தது. ஊழியருக்காக வாடகைக்கு இடம் பிடித்து இலவச பார்க்கிங் தரும் நிறுவனங்கள், அந்த இடம் வேண்டாம் என்கிறவருக்கு அதன் மதிப்பைப் பணமாகத் தர வேண்டும். பேராசிரியர் டொனால்ட் ஷூப் எட்டு நிறுவனங்களில் இதைக் கணக்கெடுத்தபோது, தனியாகக் காரில் வருகிறவர்கள் 76 சதவீதத்திலிருந்து 63 சதவீதமாகக் குறைந்திருந்தார்கள். பயணத்தை மாற்றும் உத்திகளில் இவ்வளவு தெளிவான விளைவு காட்டியவை கொஞ்சம்தான்.

இந்தப் பணம் எங்கிருந்து வரும் என்று நிர்வாகம் கேட்கும். நிலத்தைச் சென்ட் கணக்கில் காட்டினால் புரிந்துவிடும். திறந்தவெளியில் ஒரு காருக்கு, வளைந்து திரும்பும் வழியும் சேர்த்து 23 சதுர மீட்டர் என்பது நம் நகரமைப்புக் கணக்கு. 30 கார் என்றால் 690 சதுர மீட்டர், அதாவது 17 சென்ட். பைக்குக்கு வழியோடு 3 சதுர மீட்டர் வைத்தால் 200 பைக்குக்கு 600 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 15 சென்ட். தொழிற்பேட்டையில் 32 சென்ட் நிலம் சும்மா வெயிலில் காய்கிறது.

பணத்தை மாதக் கணக்கில் கொடுக்கக் கூடாது, நாள் கணக்கில் கொடுக்க வேண்டும். மாதம் முழுக்க வண்டி நிறுத்த மாட்டேன் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னால், பத்து நாள் பைக் தேவைப்படுகிற ஆள் திட்டத்திலேயே சேர மாட்டார். நாளுக்கு 40 ரூபாய் என்றால் அவருடைய மீதி 15 நாள் நமக்குக் கிடைக்கும். மாதத் தொடக்கத்தில் 25 நாளுக்கு 1,000 ரூபாய் என்று அவர் கணக்கில் எழுதிக் காட்டி, பைக் நிறுத்திய ஒவ்வொரு நாளுக்கும் 40 கழித்து, மிச்சத்தைச் சம்பளத்தோடு கொடுப்பது இன்னும் மேல். சேர்கிற பணத்தைவிடக் குறைகிற பணம் அதிகம் உறுத்தும். இது சம்பளத்துக்கு மேலே தரும் படியாக இருக்க வேண்டும். ஏற்கெனவே தரும் பயணப்படியை எடுத்து இப்படி மாற்றினால் சங்கம் எதிர்க்கும், எதிர்ப்பதுதான் நியாயம்.

இதில் ஏமாற்றும் நடக்கும். பைக்கை உள்ளே கொண்டுவராமல் நெடுஞ்சாலை ஓரத்து டீக்கடை மரத்தடியில் நிறுத்திவிட்டு 40 ரூபாயும் வாங்கிக்கொள்வார்கள். செக்யூரிட்டி எழுதும் கேட் நோட்டில் இது தெரியாது. வேனில் ஏறும்போது அடையாள அட்டையைக் காட்டிப் பதிந்தவருக்கு, அல்லது அன்றைய பஸ் டிக்கெட் கொடுத்தவருக்கு மட்டும் பணம் என்று வைத்தால் பெரும்பகுதி அடைபடும். கொஞ்சம் கசிவு இருந்தே தீரும். அதை முழுக்க அடைக்க ஆள் போட்டால் அந்தச் செலவு கசிவை விஞ்சிவிடும்.

சேரும் அன்றே எழுதிவிடுவது

ஒரு படிவத்தில் எது தானாகக் கிடைக்கிறதோ அதையே பெரும்பாலோர் வைத்துக்கொள்கிறார்கள். ஓய்வூதியச் சேமிப்பில் இது உலகம் முழுக்க நிரூபணமான விஷயம். இன்று பெரும்பாலான கம்பெனிகளில் புதிதாகச் சேருகிறவருக்கு அடையாள அட்டையோடு பைக் ஸ்டிக்கரும் தானாக வந்துவிடுகிறது. அதைத் தலைகீழாக்கலாம். படிவம் தமிழ், மலையாளம், இந்தி மூன்றிலும் இப்படி இருக்கட்டும்:

“கஞ்சிக்கோடு ஸ்டேஷனிலிருந்து கம்பெனி வேனில் உங்களுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறோம். முதல் மூன்று மாத சீசன் டிக்கெட்டுக்கான பணம் இன்று உங்கள் கையில் தரப்படும். இதற்குப் பதிலாக பைக் நிறுத்த இடம் வேண்டுமென்றால் இந்தக் கட்டத்தில் டிக் செய்யவும்.”

வேண்டாம் என்று சொல்ல ஒரு டிக் போதும் என்பது முக்கியம். மேனேஜர் கையெழுத்து, காரணம் எழுதுதல் என்று இழுத்தால் அது கட்டாயமாகிவிடும். எழுத்துச் சம்மதம் இல்லாமல் சீசன் டிக்கெட் பணத்தைச் சம்பளத்தில் பிடிக்கவும் கூடாது. “டிக்கெட் எடுத்து பில் கொடுங்கள், அடுத்த மாதம் தருகிறோம்” என்பதும் வேலைக்கு ஆகாது. புதிதாகச் சேர்ந்தவர் கையில் அந்த வாரம் பணம் இருக்காது. மூன்று மாத சீசன் மாத சீசனைப்போல் 2.7 மடங்குதான், மூன்று மடங்கு இல்லை. அதையே எடுத்தால் மாதாமாதம் புதுப்பிக்க மறந்து பைக்குக்குத் திரும்புவதும் தவிர்க்கப்படும்.

டைம் ஆபீஸில் ஒருவர் பத்து நிமிடம் உட்கார்ந்து இரண்டு விதிகளைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். முன்பதிவுப் பெட்டியில் சீசன் டிக்கெட்டோடு ஏறினால் அபராதம். சூப்பர்ஃபாஸ்ட் ரயிலில் ஏறக் கூடுதல் கட்டணம் கட்டியிருக்க வேண்டும். இது தெரியாமல் முதல் வாரத்திலேயே டிக்கெட் பரிசோதகரிடம் மாட்டிப் பணம் கட்டியவர் அதன் பிறகு ரயில் பக்கம் வர மாட்டார்.

இந்த வழிக்கு ஓர் எல்லை உண்டு. ஓய்வூதியச் சேமிப்பு ஒரே தடவை எடுக்கும் முடிவு. வேலைக்கு எதில் போவது என்பது தினமும் காலையில் வீட்டு வாசலில் எடுக்கும் முடிவு. படிவம் ஒருவரை முதல் மாதம் ரயிலேற்றும். மூன்றாம் மாதம் மழையில் அவரை ரயிலில் வைத்திருக்காது. அதனால்தான் இதை நாள் கணக்குப் பணத்தோடு சேர்த்தே செய்யச் சொல்கிறோம். ஒன்று ஆளை உள்ளே கொண்டுவரும், மற்றொன்று தக்கவைக்கும்.

பழைய ஊழியர்களுக்குச் சேரும் நாள் திரும்ப வராது. ஆனால் பழக்கம் தானாக அறுபடும் நாட்கள் வரும்: வீடு மாறுவது, ஷிப்ட் மாறுவது, பாலம் வேலைக்காகச் சாலையை மறிப்பது. இங்கிலாந்தின் பீட்டர்பரோவில் 800 வீடுகளில் நடந்த ஓர் ஆய்வில், குடிவந்து மூன்று மாதத்துக்குள் இருந்தவர்களிடம்தான் சுற்றுச்சூழலுக்கு உகந்த பழக்கங்களைத் தூண்டும் முயற்சி நன்றாக எடுபட்டது. லண்டனில் 2014 பிப்ரவரியில் சுரங்க ரயில் வேலைநிறுத்தம் நடந்தபோது, வேறு வழி தேடிப் போனவர்களில் சுமார் 5 சதவீதம் பேர் வேலைநிறுத்தம் முடிந்தும் புது வழியையே வைத்துக்கொண்டார்கள். ஆகவே முகவரி மாற்றப் படிவத்திலும், ஷிப்ட் மாற்றும் உத்தரவிலும் மேலே சொன்ன அதே கட்டத்தைச் சேர்த்துவிடுங்கள். இதற்குத் தனிச் செலவே இல்லை.

கம்பெனி பஸ்

ஊழியருக்கு மிகவும் பிடித்தது இதுதான். பசுமை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாததும் இதுதான். 50 இருக்கை டீசல் பஸ் லிட்டருக்கு 4 கி.மீ. தருவதாகவும், ஒரு லிட்டர் டீசலுக்கு 2.68 கிலோ கரியமில வாயு என்றும் வைத்தால், கிலோமீட்டருக்கு 670 கிராம். 40 பேர் ஏறினால் ஆளுக்கு 17 கிராம். 12 பேர் மட்டும் ஏறினால் 56 கிராம். பைக்கில் தனியாக வருகிறவர் விடுவது 46 கிராம்தான். அதாவது 15 பேருக்குக் குறைந்து ஓடும் பஸ் பைக்கைவிட அதிகம் புகை விடுகிறது. பைக்கில் இருவர் வருகிற வழக்கம் இருந்தால் பஸ்ஸில் 30 பேர் வேண்டும். ஆளை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் தூரத்தையும் சேர்த்தால் இன்னும் கூடும். இதற்கு எதிர்ப்பக்கமாக, லிட்டருக்கு 15 கி.மீ. தரும் காரில் தனியாக வருகிறவர் விடுவது 153 கிராம். பாம்பாம்பள்ளம் டோலில் வேறு அவர் பணம் கட்டுகிறார். பஸ் விடுவதென்றால் காரில் வருகிறவர்கள் அடர்ந்து குடியிருக்கும் பகுதியைப் பார்த்து விடுங்கள்.

மாநில எல்லை தாண்டுவதால் இன்னொன்றும் உண்டு. ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் இரு மாநிலத்துக்கும் செல்லும் பர்மிட்டையும் வரி கட்டிய ரசீதையும் வண்டிக்காரரிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள். வாளையாரில் வண்டி நின்றுபோனால் அன்றைக்கு ஒரு ஷிப்ட்டே நின்றுபோகும். இரவு ஷிப்ட் பெண்களுக்கான வண்டி கம்பெனியின் கடமை. அது இந்தக் கணக்கில் சேராது.

எல்லாவற்றுக்கும் முன்னால்

மேலே சொன்ன எந்த வழிக்கும் காசு செலவழிக்குமுன் மூன்று ஓட்டைகளை அடைக்க வேண்டும். மூன்று லேட் மார்க்குக்கு அரை நாள் சம்பளம் பிடிப்பு என்று விதி இருக்கும் கம்பெனியில் யாரும் ரயிலை நம்ப மாட்டார்கள். ரயிலில் வருகிறவருக்கு 20 நிமிடச் சலுகை, அதற்கு மேல் தாமதமானால் ரயில்வே செயலியில் தெரியும் வருகை நேரமே சாட்சி என்று எழுத்தில் கொடுங்கள். இன்னும் நல்லது, ஜெனரல் ஷிப்ட்டை ரயிலுக்கு ஏற்ப 15, 20 நிமிடம் நகர்த்துவது. எல்லைக் காட்டில் யானைகளுக்காக இரவில் வேகக் கட்டுப்பாடு உண்டு. ஆகவே 10 மணிக்கு முடியும் ஷிப்ட்டை ரயிலை நம்பித் திட்டமிட வேண்டாம்.

கடைசி மூன்று கிலோமீட்டருக்கு ஆட்டோ கட்டுப்படியாகாது. சட்டப்படி மூன்று பேர் என்றால் ஒரு ரயிலில் இறங்கும் 24 பேருக்கு எட்டு ஆட்டோ வேண்டும். 12 பேர் ஏறும் வேன் இரண்டு நடை அடிக்கலாம். ஆனால் முதல் நடை போய்த் திரும்பி இரண்டாம் நடை ஆலைக்கு வந்து சேர 25 நிமிடம் ஆகும். ஷிப்ட் நேரத்தை அதற்குத் தக்கபடி வைக்க வேண்டும். ஸ்டேஷனில் சைக்கிள் வைக்கும் யோசனை ஜனவரியில் நன்றாக இருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து அடிக்கும்போது மேற்கே மிதிப்பவர் படும் பாடு வேறு. மார்ச், ஏப்ரல் வெயிலைச் சொல்லவே வேண்டாம். சைக்கிள் துணைக்கு இருக்கட்டும், அதையே நம்பி வேனை நிறுத்திவிடாதீர்கள்.

தமிழ்நாட்டுச் சாதாரண டவுன் பஸ்ஸில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் பாலக்காடு போகும் பஸ்ஸில் அது செல்லாது. வீட்டிலிருந்து ரயில் ஸ்டேஷன் வரை டவுன் பஸ், பிறகு ரயில் என்று அவர்களுக்கு வழி வகுத்தால் பயணச் செலவு சீசன் டிக்கெட்டோடு நின்றுவிடும்.

திரும்பும் கவலைக்கு மருந்து ஓர் உத்தரவாதம்: ஓ.டி. நீண்டாலோ, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றாலோ, கம்பெனி செலவில் டாக்சி, ஆளுக்கு ஆண்டுக்கு நான்கு தடவை வரை. பெரிய செலவு என்று பயப்பட வேண்டாம். இப்படி உத்தரவாதம் தரும் இடங்களில் அதைப் பயன்படுத்துகிறவர்கள் எப்போதும் கொஞ்சம் பேர்தான். இருக்கிறது என்ற தைரியத்துக்கே பாதிப் பலன். அனுமதி தரும் அதிகாரம் ஷிப்ட் சூப்பர்வைசரிடம் இருக்கட்டும். இரவு 9 மணிக்கு எச்.ஆர். மேனேஜரை போனில் தேட வைத்தால் உத்தரவாதம் வெறும் காகிதம்.

எங்கள் தீர்ப்பு இதுதான். 300 பேர் ஆலை என்றால் முதல் காலாண்டில் லேட் மார்க் விதி, வேன், டாக்சி உத்தரவாதம். அடுத்த காலாண்டில் புதுப் படிவமும் நாள் கணக்குப் பணமும். வேன் தொடங்கும் ஆறு வாரத்துக்கு விரும்பினால் குலுக்கல். பஸ் விடுவது 30 பேர் பெயர் கொடுத்த பிறகு. போஸ்டருக்கு நேர அட்டவணை தவிர வேறு வேலை இல்லை.

பலன் தெரிய ஊழியரிடம் கேள்வித்தாள் கொடுக்காதீர்கள். கேட்டால் எல்லோரும் ரயிலில் வருவதாகத்தான் எழுதுவார்கள். தொடங்குமுன் நான்கு வாரம், தொடங்கிய பின் நான்கு வாரம், செவ்வாயும் புதனும் காலை 10 மணிக்கு ஸ்டாண்டில் நிற்கும் பைக்கை எண்ணுங்கள். சாலை ஓரத்து மரத்தடியையும் சேர்த்து எண்ணுங்கள். மூன்று மாதத்தில் எண்ணிக்கை அசையவில்லை என்றால் பரிசையோ 40 ரூபாயையோ கூட்ட அவசரப்பட வேண்டாம். ரயில் வந்த நேரத்தையும், அதில் வந்தவர்கள் கேட்டில் அட்டை பதிந்த நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் 25 நிமிடத்துக்கு மேல் இருந்தால் கோளாறு வேனில் இருக்கிறது. இன்னொரு வேனை அமர்த்துங்கள்.